ஒரே ஓட்டமா, தங்கித் தங்கியா, தவணை முறையா? தரைவழி நெடும்பயணத்தை மனநலக் கணக்கில் தேர்ந்தெடுத்தல்

ஓராண்டோ அதற்கு மேலோ தரைவழியிலேயே நாடுகளைக் கடந்து செல்லத் திட்டமிடுகிறவர்கள் ஆயத்த காலத்தின் பெரும்பகுதியை வண்டிக்கே செலவிடுகிறார்கள். வேனா, மோட்டார் சைக்கிளா, சைக்கிளா என்பதில் தொடங்கி டயரின் அகலம், கூடுதல் டீசல் தொட்டி, கூரைக் கூடாரம், சூரியத் தகடு என்று அந்த விவாதம் மாதக்கணக்கில் நீள்கிறது. வண்டி பழுதானால் சரிசெய்யத் தெரிந்த கை எந்த நாட்டிலும் கிடைத்துவிடும். பயணி பழுதானால் என்ன செய்வது என்ற கேள்விதான் கேட்கப்படாமலே போகிறது. நெடும்பயணத்தில் மனம் தளர்ந்து பாதியில் திரும்புகிறவர்களும், திரும்பாமல் உள்ளுக்குள் கசந்தபடி இலக்குவரை ஓட்டிச் செல்கிறவர்களும் வண்டியைத் தவறாகத் தேர்ந்தவர்கள் அல்லர், பயணத்தின் நடையைத் தவறாகத் தேர்ந்தவர்கள் என்பது என் கருத்து. இந்தக் கட்டுரை அந்த நடையைப் பற்றியது.

நடைகள் மூன்று. கிளம்பிய நாள் முதல் இலக்கைத் தொடும்வரை எங்கும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்காமல் போவது முதலாவது. இதை ஒரே ஓட்டம் என்று அழைக்கலாம். ஓரிடத்தில் மூன்று வாரம் முதல் மூன்று மாதம்வரை குடியிருந்து, பிறகு நகர்ந்து, மீண்டும் குடியிருப்பது இரண்டாவது. சில மாதங்கள் ஓட்டியபின் வண்டியை அங்கேயே பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு வீடு திரும்பி, சில மாதங்கள் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்வது மூன்றாவதாகிய தவணை முறை. அலாஸ்காவின் வட முனையிலிருந்து அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயா வரை ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் நீளும் பான் அமெரிக்க நெடுஞ்சாலையை இந்த மூன்று விதத்திலும் கடக்க முடியும். பாதை ஒன்றாக இருந்தாலும், அதன் முடிவில் வந்து சேரும் மனிதர்கள் ஒரே நிலையில் இருப்பதில்லை.

விடுமுறையைப் பற்றி நமக்குத் தெரிந்தது நெடும்பயணத்துக்குப் பொருந்தாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெசிகா டி ப்ளூமும் அவருடைய நெதர்லாந்துச் சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்று, சராசரியாக 23 நாள் விடுமுறை எடுத்த ஊழியர்களின் உடல், மன நிலையை விடுமுறைக்கு முன்பும், நடுவிலும், பின்பும் அளந்து பார்த்தது. நல்லுணர்வு எட்டாம் நாளில் உச்சத்தைத் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் அந்த லாபம் முழுதும் கரைந்துவிட்டது. எட்டு நாளில் உச்சம் தொடும் ஒன்றை முந்நூறு நாளுக்கு நீட்டினால் மகிழ்ச்சியும் அதே அளவில் நீளும் என்று எண்ணுவதற்கு இந்த ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை. நீண்ட பயணம் என்பது நீண்ட விடுமுறை அன்று. அது வேறொரு வாழ்க்கை. அதற்கும் வாடகை உண்டு, சலிப்பு உண்டு, துவைக்க வேண்டிய துணி உண்டு.

அந்த வாழ்க்கை கேட்கும் விலையைத் தோராயமாகவேனும் எண்ணிப் பார்க்க ஒரு பழைய அளவுகோல் உதவுகிறது. தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரே ஆகிய இருவரும் 1967-இல் வாழ்க்கை நிகழ்வுகள் 43-ஐப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மனம் எவ்வளவு தன்னைத் திருத்தியமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதற்கேற்ப மதிப்பெண் கொடுத்தார்கள். துணையை இழப்பதற்கு 100. விடுமுறைக்கு 13. ஆனால் நெடும்பயணம் விடுமுறை என்ற ஒரே வரியில் அடங்குவதில்லை. வாழும் சூழல் மாறுவதற்கு 25, இருப்பிடம் மாறுவதற்கு 20, பொழுதுபோக்கு மாறுவதற்கு 19, சமூகத் தொடர்புகள் மாறுவதற்கு 18, உறக்கப் பழக்கம் மாறுவதற்கு 16, உணவுப் பழக்கம் மாறுவதற்கு 15 என்று கூட்டினால் 113 வருகிறது. வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிறவர் வேறு வேலைக்கு மாறுகிறவருக்குரிய 36-ஐயும் பொருளாதார நிலை மாறுவதற்குரிய 38-ஐயும் சேர்த்துக்கொண்டால் 187. ஓராண்டில் 150-ஐத் தாண்டுகிறவர்களை நோய்வாய்ப்படும் வாய்ப்புக் கூடியவர்களாக அந்த அளவுகோல் கருதியது. தனி ஒருவருக்கு என்ன நேரும் என்பதை இந்தக் கருவியால் சொல்லிவிட முடியாது. விரும்பி ஏற்ற மாற்றத்தையும் திணிக்கப்பட்ட மாற்றத்தையும் அது பிரித்துப் பார்ப்பதும் இல்லை. ஆயினும் இருப்பிடம் ஆண்டுக்கு ஒருமுறை மாறுவதையே 20 என்று மதித்தவர்கள், அது நாள்தோறும் மாறும் ஒருவருக்கு என்ன எண்ணைத் தந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஒரே ஓட்டத்தின் சிறப்புகளைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. வேலையிலிருந்து ஒரே ஒரு நீண்ட விடுப்பு போதும், பருவநிலையைத் துரத்திக்கொண்டே போகலாம், இலக்கு கண்முன் தெளிவாக நிற்கிறது. முதல் சில வாரங்களில் மனம் அடையும் விடுதலையும் உண்மையானது. சாலை, எரிபொருள், எல்லைச் சாவடி, இரவுத் தங்கல் என்று கவனம் முழுதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால், பழைய கவலைகள் வந்து உட்கார இடமில்லை. விமானப் பயணத்தோடு ஒப்பிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. தரைவழியில் நேர மண்டலங்கள் ஒவ்வொன்றாக, மெல்ல நகர்கின்றன. உடற்கடிகாரம் குழம்புவதில்லை. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட பயணிகளை ஆராய்ந்து 1982-இல் வெளியான ஆய்வொன்று, கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிப் பறந்து வந்தவர்களிடம் மனச்சோர்வும், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வந்தவர்களிடம் அளவுமீறிய மனவெழுச்சியும் கூடுதலாகக் காணப்பட்டதைப் பதிவுசெய்தது. நாளொன்றுக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட்டிச் செல்கிறவருக்கு இந்தச் சிக்கல் வராது.

ஆனால் அவருக்கு வேறொன்று வருகிறது. மாலை நான்கரை மணியைப் பற்றிச் சொன்னால்தான் அதன் பாரம் விளங்கும். வேனில் இருவர். வெயில் சாயத் தொடங்கிவிட்டது. கைப்பேசிச் செயலியில் இரவு தங்க மூன்று இடங்கள் தெரிகின்றன. முதல் இடத்துக்குப் போகும் வழியில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. இரண்டாவது ஓர் ஆற்றங்கரை. அழகான இடம்தான், ஆனால் நேற்று யாரோ மூட்டிய நெருப்பின் கரியும் உடைந்த பாட்டில்களும் கிடக்கின்றன, அவர்கள் இன்றும் வருவார்களா என்று தெரியவில்லை. இன்ஜினை அணைக்காமலே இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "உனக்குச் சரின்னு படுதா?" "உனக்கு?" மூன்றாவது இடம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். இதை ஒருநாள் செய்தால் சாகசம். இருநூறு நாள் செய்தால் அது வேலை, அதுவும் வார விடுப்பில்லாத வேலை.

முடிவெடுத்து முடிவெடுத்து மனம் களைத்துப் போகிறது என்று பயணிகள் சொல்வதை ஆய்வுக்கூடத்தில் நிறுவுவது எளிதாக இருக்கவில்லை. மனவுறுதி எரிபொருளைப் போலத் தீர்ந்துபோகும் என்ற கருத்தை இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்து 2016-இல் வெளியிட்ட முடிவுகள் அக்கருத்துக்குச் சாதகமாக அமையவில்லை. எனவே அந்தக் கோட்பாட்டை நம்பி இதைச் சொல்லவில்லை. உறக்கத்தைப் பற்றிய சான்று இன்னும் உறுதியானது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே 2016-இல் காட்டியபடி, புதிய இடத்தில் உறங்கும் முதல் இரவில் மூளையின் இரு பாதிகளும் ஒரேபோல் ஆழ்ந்து உறங்குவதில்லை. இடப்பாதியின் ஒரு பகுதி இலேசாக விழித்திருந்து, பழகாத ஒலிகளுக்குச் செவிசாய்க்கிறது. அதே இடத்தில் அடுத்த முறை உறங்கும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஒரே ஓட்டக்காரருக்கோ ஏறத்தாழ எல்லா இரவும் முதல் இரவுதான். வேனில் படுக்கை மாறவில்லையே என்று வாதிடலாம். படுக்கை மாறவில்லை, ஆனால் தகரச் சுவருக்கு வெளியே கேட்கும் காலடி யாருடையது என்பது ஒவ்வோர் இரவும் புதிய கேள்வியாகவே இருக்கிறது. சைக்கிளில் போய்க் கூடாரத்தில் படுப்பவருக்கு அந்தத் தகரமும் இல்லை.

தொடர்ந்த உறக்கக் குறைவின் மேல் பழக்கத்தின் மழுங்கலும் சேர்கிறது. என் குறிப்பேடுகளில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு நீண்ட பயணத்தின் முதல் மாதத்தில் நாளுக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். ஐந்தாம் மாதத்தில் ஒரு வரிதான், அன்று ஓடிய தூரம், நிரப்பிய டீசல், தங்கிய இடம். நடுவே ஒரு பேரருவி வந்திருக்கிறது. அதற்கு நான் செலவிட்டது 'அருவி' என்ற ஒரே சொல். எதைக் கண்டாலும் முன்பே கண்டதாகத் தோன்றும் இந்த நிலையை மனச்சோர்வு என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. ஓரிடத்தில் பத்து நாள் நின்று, நன்றாக உறங்கி, ஒன்றையும் பார்க்கப் போகாமல் இருந்தால் களைப்பு தெளிந்துவிடும். பத்து நாள் நின்றும் தெளியாமல், பசியும் உறக்கமும் குலைந்து, எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரம் கடந்தால் அது மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம். ஒரே ஓட்டத்தின் பெரிய குறை என்னவென்றால், அந்தப் பத்து நாளை அது ஒதுக்குவதேயில்லை. அதனால் களைப்பையும் நோயையும் பிரித்தறியும் வாய்ப்பே பயணிக்குக் கிடைப்பதில்லை. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையில் சுமார் 100 கிலோமீட்டருக்குச் சாலையே இல்லாத டேரியன் இடைவெளியில், வண்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டுக் காத்திருக்க நேரும்போதுதான் பலருக்கு முதன்முறையாக நிற்கும் கட்டாயம் வருகிறது.

தங்கித் தங்கிப் போவதன் பக்கம் நிற்கும் சான்று எனக்கு வலுவானதாகத் தோன்றுகிறது. ஹாயோ ஆடமும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தாம் யார், தமக்கு எது முக்கியம் என்பதில் தெளிவு கூடுகிறது. அந்தத் தெளிவு எத்தனை நாடுகளில் வாழ்ந்தார்கள் என்பதைப் பொறுத்து அமையவில்லை, எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்தது. படைப்பாற்றலைப் பற்றி 2009-இல் வெளியான வேறோர் ஆய்வும் வெளிநாட்டில் வாழ்ந்த காலத்துக்குத்தான் தொடர்பு கண்டது. வெறுமனே பயணம் செய்த காலத்துக்கு அத்தகைய தொடர்பைக் காணவில்லை. 'என்னை நானே கண்டுகொள்ளப் போகிறேன்' என்று சொல்லிக் கிளம்புகிறவர்கள் கடவுச்சீட்டின் முத்திரைகளை எண்ணுவதைவிட, ஒரே தெருவில் எத்தனை முறை நடந்தோம் என்று எண்ணுவது அவர்கள் நோக்கத்துக்கே உகந்தது. இவ்விரு ஆய்வுகளும் நெடும்பயணிகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிப்புக்காகவும் வேலைக்காகவும் அயலில் வாழ்ந்தவர்களும் அவற்றில் உண்டு.

தங்குவதால் கிடைக்கும் இன்னொன்று சிறிய அறிமுகங்கள். நெருங்கிய நண்பர்கள் மட்டுமல்லாமல், பெயர்கூடச் சரியாகத் தெரியாத அறிமுகங்களோடு பேசும் இரண்டு வார்த்தையும் அன்றாட நல்லுணர்வைக் கூட்டுகிறது என்று கிலியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் 2014-இல் காட்டினார்கள். ஓடிக்கொண்டே இருப்பவருக்கும் மனிதர்கள் கிடைக்கிறார்கள், ஆனால் எல்லோரும் முதல்நாள் மனிதர்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எவ்வளவு நாளாயிற்று, பயமாக இல்லையா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற அதே கேள்விகளுக்கு அதே பதில்களைச் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் தன் வாழ்க்கையே மனப்பாடம் செய்த பாடமாகிவிடுகிறது. மூன்றாம் வாரத்தில் எதிர்வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் தலையசைத்துவிட்டுப் போகிறாரே, அந்தத் தலையசைப்பு ஓட்டக்காரருக்கு எந்த ஊரிலும் கிடைக்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. நின்றால் துரத்திவந்தது பிடித்துவிடும். மணமுறிவிலிருந்தோ, ஒரு சாவின் துக்கத்திலிருந்தோ, வேலையில் பட்ட அவமானத்திலிருந்தோ கிளம்பியவர், நகரும்வரை தப்பித்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டாவது மூன்றாவது வாரத்தில், பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்த ஒரு பிற்பகலில், அது வந்து பக்கத்தில் அமர்ந்துகொள்ளும். மானிடவியலாளர் காலெர்வோ ஓபெர்க் அயற்பண்பாட்டு அதிர்ச்சியின் கட்டங்களை விவரித்தபோது, தேனிலவு போன்ற முதற்கட்டத்துக்குப் பின் எரிச்சலும் வெறுப்பும் நிறைந்த கட்டம் வரும் என்றும், அதைக் கடந்த பின்னரே இணக்கம் பிறக்கும் என்றும் சொன்னார். எல்லோரும் இந்த வரிசையில் போவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போகிறவர்களைப் பொறுத்தவரை, தங்கிச் செல்பவர் அந்த எரிச்சலை முழுதாக அனுபவித்தாக வேண்டும். ஓட்டக்காரர் அதற்கு முன்பே கிளம்பிவிடுவார், ஆனால் அதைக் கடந்தபின் வரும் இணக்கத்தையும் இழந்துவிடுவார். இதில் எது நல்லது என்று கேட்டால், கடந்துபோவதே நல்லது என்பேன். துக்கத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் கிளம்பியவர் மட்டும் முதல் தங்கலை நண்பர் எவரேனும் வசிக்கும் ஊரில் வைத்துக்கொள்ளட்டும்.

தங்கும் நடைக்கு விசா விதிகளும் ஒத்துழைக்க வேண்டும். தமக்குள் எல்லைச் சோதனையைக் கைவிட்ட ஐரோப்பிய நாடுகளாகிய ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து, எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் குறுகியகால வருகையாளர் தங்க முடியாது. வண்டியைத் தற்காலிகமாக இறக்குமதி செய்வதற்குப் பல நாடுகள் கேட்கும் கார்னே என்ற சுங்க ஆவணம் வழக்கமாக ஓராண்டுக்குத்தான் செல்லும். அவசரம் பயணியின் மனத்திலிருந்துதான் பிறக்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. பாதி அவசரத்தை முத்திரையிலுள்ள தேதி உண்டாக்குகிறது. வரைபடத்தில் பாதையை வரைவதற்கு முன், எந்தெந்த நாட்டில் உண்மையிலேயே இரண்டு மாதம் நிற்க விடுவார்கள் என்று பட்டியலிட்டு, தங்கல்களை அங்கே வைத்துவிட்டு, மற்ற நாடுகளை இடைவழியாக வைத்துக்கொள்வது பின்னால் வரும் பதற்றத்தைப் பெரிதும் குறைக்கும்.

தவணை முறையைப் பயணிகளில் பலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்துவந்து போவது உண்மையான பயணமா என்ற பெருமிதம் அதற்குக் காரணம். அந்தப் பெருமிதத்துக்கு எந்த மருத்துவ மதிப்பும் இல்லை. ஜெர்மனியிலிருந்து 1962-இல் சைக்கிளில் புறப்பட்டு அரை நூற்றாண்டுக்குச் சாலையிலேயே வாழ்ந்த ஹைன்ஸ் ஷ்டூக்கேயைப் போன்றவர்கள் வியப்புக்குரியவர்கள். ஆனால் அவர்களைப் பார்த்து நம் பயணத்துக்கு அளவெடுத்துக்கொள்ளக் கூடாது. தவணை முறையில் ஒரே மருத்துவர் தொடர்ந்து கவனிக்கிறார், மருந்துச் சீட்டு புதுப்பிக்கப்படுகிறது, பெற்றோரின் முதுமை நாம் இல்லாத நேரத்தில் திடீரென்று நடந்து முடிந்துவிடுவதில்லை. எல்லாவற்றையும்விட, நம்மை முன்பே அறிந்த ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம் முகத்தைப் பார்த்து, 'நீ முன்ன மாதிரி இல்லையே' என்று சொல்ல முடிகிறது. தன் மனம் சரிவதைத் தானே கண்டுகொள்வது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

இதற்கும் விலை உண்டு. மேலே சொன்ன, விமானப் பயணத்தால் வரும் உடற்கடிகாரக் குழப்பம் ஒவ்வொரு தவணையிலும் திரும்ப வருகிறது. இரண்டு இடத்திலும் பாதி வாழ்க்கைதான் என்ற உணர்வு சிலரை அரிக்கிறது. வீட்டில் இருக்கும்போது வண்டி நிற்கும் கொட்டகையைப் பற்றியும், வண்டியில் இருக்கும்போது வீட்டுக் கூரையைப் பற்றியும் கவலைப்படுகிறவர்கள் உண்டு. வெளிநாட்டு வண்டியை எத்தனை மாதம் விட்டுவைக்கலாம் என்ற வரம்பும் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

எந்த நடையானாலும் யாரோடு போகிறோம் என்பது கணக்கை மாற்றும். தனியே போகிறவர் எல்லா முடிவையும் தானே எடுக்கிறார், அவர் மாறுவதைப் பார்க்க ஆளில்லை. பல பயணிகளைச் சேர்த்து ஏற்றிச்செல்லும் குழு லாரியில் போகிறவர்களுக்கு முடிவெடுக்கும் சுமை ஓட்டுநருக்குப் போய்விடுகிறது, தனிமைக்கு இடமில்லாததே அங்கே துன்பம். இணையராகப் போகிறவர்கள்தான் அதிகம், அவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சில சதுர மீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவருக்கு ஒருவரே துணை, எதிரி, மருத்துவர், மெக்கானிக். கோபித்துக்கொண்டு வேறு அறைக்குப் போக வேறு அறை கிடையாது. குளிர்ப் பிரதேசங்களிலும் ஒதுங்கிய நிலையங்களிலும் அடைபட்டு வாழும் குழுக்களைப் பற்றி 1991-இல் முன்வைக்கப்பட்ட 'மூன்றாம் காற்பகுதி' என்ற கருத்து இங்கே நினைவில் வைக்கத் தக்கது. மன இறுக்கம் தொடக்கத்திலோ முடிவிலோ உச்சமடைவதில்லை, பாதி தாண்டிய பிறகே உச்சமடைகிறது, ஏனெனில் புதுமையும் தீர்ந்துவிட்டது, முடிவும் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அக்கருத்து. பின்வந்த ஆய்வுகளில் இது எப்போதும் உறுதிப்படவில்லை. ஆனாலும் பன்னிரண்டு மாதப் பயணத்தின் ஏழாம் எட்டாம் மாதத்தில் இருவரும் ஒரு வாரம் தனித்தனியே இருக்க முன்கூட்டியே இடம் ஒதுக்குவதால் இழப்பு ஒன்றுமில்லை. சண்டை வந்தபின் கேட்டால் அது பிரிவு போலத் தோன்றும், கிளம்புமுன் எழுதிவைத்தால் அது வெறும் அட்டவணை.

ஏற்கெனவே மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு ஒப்பீடு இன்னும் கண்டிப்பானது. மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு உறக்கம் குலைவதே மனவெழுச்சிக்குத் தூண்டுகோலாகலாம் என்பதால், எல்லா இரவும் முதல் இரவாக இருக்கும் ஒரே ஓட்டம் அவருக்கு ஏற்றதன்று. அந்தக் கோளாறுக்குக் கொடுக்கப்படும் லித்தியம் மருந்தை உட்கொள்கிறவர் கடும் வெயிலில் வியர்த்தாலோ வயிற்றுப்போக்கில் நீரும் உப்பும் இழந்தாலோ இரத்தத்தில் மருந்தின் அளவு நச்சு எல்லையை எட்டக்கூடும். இரத்தப் பரிசோதனைக்கு வசதியுள்ள ஊர்களில் தங்கித் தங்கிப் போவதுதான் அவருக்குத் தகும். மலேரியாத் தடுப்புக்குக் கொடுக்கப்படும் மெஃப்ளோகுயின், பதற்றம், மனச்சோர்வு, மருட்சி போன்ற விளைவுகளை உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பு 2013-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. மனநோய் வரலாறு உள்ளவர் மாற்று மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும். மருந்தைக் கொண்டுபோவதே குற்றமாகும் இடங்களும் உண்டு. கவனக்குறைபாட்டுக்குச் சில நாடுகளில் சாதாரணமாக எழுதிக்கொடுக்கப்படும் ஆம்பெட்டமைன் மாத்திரைகளை ஜப்பானுக்குள் மருத்துவர் கடிதம் இருந்தாலும் கொண்டுசெல்ல முடியாது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்குப் பல நாடுகள் வைக்கும் வழக்கமான வரம்பு 30 நாளுக்கான அளவு. எட்டு எல்லைகளைக் கடக்கிறவர் எட்டுச் சட்டங்களையும் படித்தாக வேண்டும், அல்லது தவணை முறையைத் தேர்ந்து ஒரு தவணையில் இரண்டு எல்லைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உயரமும் மனத்தை ஏமாற்றும். மத்திய ஆசியாவிலுள்ள பாமீர் நெடுஞ்சாலையின் அக்பைத்தால் கணவாய் 4,655 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அத்தகைய இடங்களில் இரவில் மூச்சுத் திணறி விழித்து நெஞ்சு படபடப்பது பீதித் தாக்கு போலவே இருக்கும், ஆனால் அதற்கு மருந்து பெரும்பாலும் கீழே இறங்குவதுதான்.

கிளம்பும் ஆசையே நோயின் குறியாக இருக்கவும் கூடும். பிரான்ஸின் போர்தோ நகரில் ஆல்பெர் டடாஸ் என்ற எரிவாயுக் குழாய்த் தொழிலாளி, தன்னையறியாமல் புறப்பட்டு மாஸ்கோ வரை நடந்து போனதையும், போன இடங்களை நினைவுகூர முடியாமல் தவித்ததையும் மருத்துவர் பிலிப் டிசியே 1887-இல் தம் ஆய்வேட்டில் விவரித்தார். அது மிக அரிதான நிலை. ஆனால் சில வாரங்களாக உறக்கமே தேவைப்படாமல், சேமிப்பையெல்லாம் வாரியிறைத்து, அடுத்த வாரமே எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பியாக வேண்டும் என்று ஒருவர் துடித்தால், அவருக்கு மூன்று நடையும் வேண்டாம். முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். சாலை எங்கும் போய்விடாது.

திரும்பி வருவதையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும், ஏனெனில் பலருக்கு மிக மோசமான மாதங்கள் அங்கேதான் இருக்கின்றன. தாய்நாட்டுக்குத் திரும்பும்போதும் அயல்நாட்டில் பட்ட அதே வீழ்ச்சி இன்னொருமுறை வருகிறது என்று ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் 1963-இல் எழுதினார்கள். ஒரே ஓட்டம் முடித்தவருக்கு இது மொத்தமாக வருகிறது, தவணைக்காரருக்குச் சிறு சிறு அளவில் வந்து பழகிவிடுகிறது. எல்லோரும் 'எப்படி இருந்தது?' என்று கேட்கிறார்கள். இரண்டு நிமிடப் பதிலோடு அவர்கள் நிறைவடைந்துவிடுவது முதலில் வலிக்கிறது. திரும்பிய முதல் வாரத்தில் நான் அறைக்குள் உறக்கம் வராமல், நள்ளிரவில் போர்வையைச் சுருட்டிக்கொண்டு, வாசலில் நிற்கும் வண்டிக்குள் போய்ப் படுத்திருக்கிறேன். அதைப் பற்றி வெட்கப்படத் தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது. திரும்பியபின் மூன்று மாதம் வேலையின்றி வாழப் பணத்தைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதிக்குள் பயணத்தைத் திட்டமிடுவதே என் பரிந்துரை. அதனால் பாதை ஐயாயிரம் கிலோமீட்டர் குறைந்தாலும் குறையட்டும்.

என் தேர்வைச் சொல்ல வேண்டுமென்றால், முதன்முறை கிளம்புகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கித் தங்கிப் போகும் நடையையே சொல்வேன், அதிலும் பாதித் தொலைவில் ஒரே ஒருமுறை வீடு திரும்பும்படியாக. தொடர்ந்து மருந்து உட்கொள்கிறவர்களுக்கும், முதிய பெற்றோர் உள்ளவர்களுக்கும் முழுத் தவணை முறை. ஒரே ஓட்டத்தை, முன்பே நீண்ட பயணம் செய்து தன் களைப்பின் முகத்தை அடையாளம் காணக் கற்றவர்களுக்கும், நான்கு மாதத்துக்குள் முடியும் பாதைக்கும் மட்டும் விட்டுவைப்பேன்.

இதில் ஐயமுள்ளவர்கள் கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரவலாகவோ வாடகைக்கோ எடுத்த வண்டியில், தாங்கள் எண்ணியிருக்கும் அதே நடையில் மூன்று வாரம் போய்வர வேண்டும். ஒரு வாரம் போதாது. எட்டாம் நாள்வரை யாருக்கும் எதுவும் இனிக்கும். ஒவ்வோர் இரவும் மூன்றே குறிப்பு எழுத வேண்டும்: எத்தனை மணி நேரம் உறங்கினேன், யாரோடு பத்து நிமிடத்துக்கு மேல் பேசினேன், மாலை நான்கரை மணிக்கு வண்டிக்குள் என்ன நடந்தது. கடைசி ஐந்து நாளின் குறிப்புகளை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு வண்டி வாங்கப் போகலாம்.